அலாஸ்கா கப்பல் பயணம்: சியாட்டிலா, வான்கூவரா, சீவர்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலாஸ்காவுக்குக் கப்பலில் போக முடிவு செய்தவர்கள் முதலில் தேடுவது கப்பலைத்தான். எத்தனை அடுக்கு, நீச்சல் குளம் எப்படி, எத்தனை உணவகம் என்று பார்த்துவிட்டு, விலை குறைந்த ஒரு தேதியைப் பிடிக்கிறார்கள். எங்கிருந்து புறப்படுகிறது என்பதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன் என்ற அதே மூன்று ஊர்கள் எல்லாப் பட்டியலிலும் இருப்பதால் எல்லாம் ஒன்றுதான் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் எந்தக் கடல்வழியில் போவீர்கள், எந்தப் பனியாற்றின் முன்னால் நிற்பீர்கள் என்ற இரண்டையும் பெருமளவு தீர்மானிப்பது புறப்படும் துறைமுகம்தான். இந்தப் பயணத்தைத் திட்டமிடும் நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மூன்று இடத்திலிருந்தும் ஏழு இரவுப் பயணம்தானே, அப்படி என்ன வித்தியாசம்?

சியாட்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் கப்பல் அலாஸ்கா போய்விட்டு சியாட்டிலுக்கே திரும்பும். வான்கூவர் கனடாவில் இருக்கிறது. அங்கிருந்து இரண்டு விதமான பயணங்கள் உண்டு: வான்கூவருக்கே திரும்பும் சுற்றுப்பயணம் ஒன்று, வடக்கே போய் அலாஸ்காவின் சீவர்ட் அல்லது விட்டியர் துறைமுகத்தில் இறக்கிவிடும் ஒருவழிப் பயணம் இன்னொன்று. அதே ஒருவழிப் பயணத்தை சீவர்டிலோ விட்டியரிலோ தொடங்கி வான்கூவரில் முடிக்கவும் செய்யலாம்.

சியாட்டில் வான்கூவரைவிடத் தெற்கே இருக்கிறது. சாலை வழியில் ஏறக்குறைய 230 கிலோமீட்டர். அந்தத் தொலைவைப் போகவும் வரவும் கடக்க வேண்டியிருப்பதால், நேரத்தை மிச்சப்படுத்த சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக் கடலில் ஓடுகின்றன. வான்கூவர் கப்பல்கள் அதே தீவுக்குக் கிழக்கே, தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய கால்வாய்களில் போகின்றன. காட்சிகளுக்காகப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

சியாட்டில் கப்பலுக்கும் "இன்சைட் பேசேஜ்" என்றுதானே விளம்பரம் போடுகிறார்கள்?

விளம்பரம் பொய் சொல்லவில்லை. இன்சைட் பேசேஜ் என்பது வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கி, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரையோரமாக நீண்டு, தென்கிழக்கு அலாஸ்காவில் ஸ்காக்வே வரைக்கும் போகும் ஒரு நெடிய நீர்வழி. கெட்சிகனுக்கும் ஸ்காக்வேக்கும் இடைப்பட்ட அலாஸ்கா பகுதியை எல்லாக் கப்பலும் தொடும். எனவே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. கனடாப் பகுதியை மட்டும் சியாட்டில் கப்பல்கள் பொதுவாக வெளிக்கடல் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விடுகின்றன. பயணத் திட்டத்தில் இரண்டாம் நாளுக்கு நேரே "கடலில் ஒரு நாள்" என்று மட்டும் இருந்தால், அன்று நாற்புறமும் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள். "இன்சைட் பேசேஜில் பயணம்" என்று இருந்தால், கிளம்பும் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

வான்கூவர் வழியில் அப்படி என்னதான் இருக்கிறது?

நான் நீட்டி எழுத விரும்பும் பதில் இது. வான்கூவரில் கப்பல் நிற்பது கனடா பிளேஸ் என்ற துறையில், நகரத்தின் நடுவே. மாலையில் கிளம்பி ஸ்டான்லி பூங்காவைச் சுற்றி, 1938இல் திறக்கப்பட்ட லயன்ஸ் கேட் பாலத்தின் அடியில் நுழைந்து வெளியேறுகிறது. அந்த நேரத்தில் மேல்தளத்தில் நில்லுங்கள். சாமான்களை அப்புறம் பிரித்துக்கொள்ளலாம்.

அடுத்து ஜார்ஜியா நீரிணை. அதன் வட முனையில், கேம்ப்பெல் ரிவர் ஊருக்குப் பக்கத்தில், சீமோர் நேரோஸ் என்ற குறுகலான கால்வாய். கடல் ஓதம் ஏறி இறங்கும்போது இங்கே நீரோட்டம் 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்) வேகம் வரை பாயும். பெரிய கப்பல்கள்கூட ஓட்டம் அடங்கும் இடைவேளைக்குக் காத்திருந்துதான் நுழையும். உங்கள் கப்பல் வான்கூவரிலிருந்து கிளம்பும் நேரமேகூட இந்த ஓதக் கணக்கை ஒட்டி அமைந்திருக்கும். முன்பு இந்தக் கால்வாயின் நடுவே ரிப்பிள் ராக் என்ற இரட்டை முகட்டுப் பாறை நீருக்கு அடியில் மறைந்திருந்து, நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கடலடியில் சுரங்கம் தோண்டி, உள்ளிருந்து வெடிமருந்து நிரப்பி, 1958 ஏப்ரல் 5 அன்று அதைத் தகர்த்தார்கள். அணுகுண்டு அல்லாத வெடிப்புகளில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று அது. இன்று கப்பல் அந்த இடத்தைச் சத்தமில்லாமல் கடக்கும். தெரிந்தவர் மட்டுமே எட்டிப் பார்ப்பார்.

அதைத் தாண்டினால் ஜான்ஸ்டன் நீரிணை. நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளம். இரண்டு பக்கமும் மலை, மலை நெடுக ஊசியிலைக் காடு. ஆர்கா திமிங்கலங்கள் கோடையில் சால்மன் மீனைத் துரத்திக்கொண்டு வரும் இடம். இங்குள்ள ராப்சன் பைட் என்ற பகுதியில் ஆர்காக்கள் கரையோரக் கூழாங்கற்களில் உடலைத் தேய்த்துக்கொள்கின்றன. அதற்காகவே அந்தப் பகுதியைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். வடக்கே போகும்போது கப்பல் மாலையில் கிளம்புவதால், சீமோர் நேரோஸை நெருங்கும்போது பெரும்பாலும் இருட்டிவிடும். ஜான்ஸ்டன் நீரிணை இரவில் போய்விடும். தெற்கே திரும்பும்போதுதான் அது பகலில் வரும் வாய்ப்பு அதிகம். வான்கூவருக்குத் திரும்பி வரும் பயணத்தின் கடைசி முழு நாளை அறைக்குள் கழிக்காதீர்கள்.

எந்தப் பயணத்தில் எந்தப் பனியாறு?

ஊர்களின் பட்டியலைவிட இதைக் கவனமாகப் பாருங்கள். ஐந்து பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

கிளேசியர் பே: 1980 முதல் தேசியப் பூங்கா, 1992 முதல் உலகப் பாரம்பரியக் களத்தின் ஒரு பகுதி. ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணக் கப்பல்களுக்கு மேல் அனுமதி இல்லை. பூங்காவின் ரேஞ்சர்கள் கப்பலில் ஏறி, நாள் முழுவதும் ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்வார்கள். சுமார் 1750இல் இந்த விரிகுடா முழுக்கப் பனியால் நிரம்பியிருந்தது. 1794இல் கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது வாயிலில் சிறு பள்ளம் மட்டுமே திறந்திருந்தது. இன்று கப்பல் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உள்ளே போய்த்தான் மார்ஜரி பனியாற்றின் முன்னால் நிற்கிறது. நுழைவிடத்தில் அடர்ந்த காடு. உள்ளே போகப் போகப் புதர், பாசி, கடைசியில் வெறும் பாறை. பனி விலகிய நிலத்தில் உயிர் எந்த வரிசையில் திரும்பி வருகிறது என்பதை ஒரே பகலில் கண்ணால் பார்க்கலாம். பிரின்சஸ், ஹாலண்ட் அமெரிக்கா, நார்வீஜியன் போன்ற சில நிறுவனங்களுக்குத்தான் இங்கே நுழையும் உரிமம் உண்டு. அவை சியாட்டிலிலிருந்தும் வான்கூவரிலிருந்தும் ஓடுகின்றன. அதனால் இங்கே துறைமுகத்தோடு நிறுவனத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஹப்பர்ட்: வட அமெரிக்காவில் கடலில் வந்து முடியும் பனியாறுகளில் மிகப் பெரியது. 122 கிலோமீட்டர் நீளம், கடல் முகப்பு மட்டும் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் அகலம். மற்றவற்றில் பெரும்பாலானவை சுருங்கிக்கொண்டிருக்க இது முன்னேறிக்கொண்டிருக்கிறது. 1986இலும் 2002இலும் பக்கத்து ரஸ்ஸல் ஃபியோர்டின் (செங்குத்தான மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல்) வாயை அடைத்து, அதைத் தற்காலிகமாக ஏரியாக்கிவிட்டது. வடக்கே தள்ளி இருப்பதால் இது பெரும்பாலும் சீவர்ட், விட்டியர் ஒருவழிப் பயணங்களில் வருகிறது.

எண்டிகாட் ஆர்ம், டிரேசி ஆர்ம்: ஜூனோவுக்குத் தெற்கே அருகருகே இருக்கும் இரண்டு ஒடுங்கிய ஃபியோர்டுகள். சியாட்டில் சுற்றுப்பயணங்களில் அதிகம் இடம்பெறுபவை இவைதான். செங்குத்தான சுவர்கள், அருவிகள், மிதக்கும் நீலப் பனிக்கட்டிகள் என்று அழகில் குறைவில்லை. பனிக்கட்டி அதிகமானால் கப்பல் பாதியில் திரும்பிவிடும். 2025 ஆகஸ்டில் டிரேசி ஆர்மில் தெற்கு சாயர் பனியாற்றின் அருகே பெரும் மலைச்சரிவு ஏற்பட்டு, சுனாமி எழுந்தது. பழைய கட்டுரைகளில் டிரேசி ஆர்ம் பற்றிப் படித்துவிட்டு ஆசைப்படுகிறவர்கள், தங்கள் தேதிக்குக் கப்பல் உண்மையில் எங்கே போகிறது என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

காலேஜ் ஃபியோர்டு: விட்டியரில் முடியும் அல்லது தொடங்கும் சில பயணங்களில் மட்டும். 1899இல் வந்த ஹாரிமன் ஆய்வுக் குழு இங்குள்ள பனியாறுகளுக்கு ஹார்வர்ட், யேல் என்று கல்லூரிகளின் பெயரை வைத்தது.

ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் கிளேசியர் பே. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குகிறோம். கனடா விசா எதற்கு?

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். சியாட்டில் சுற்றுப்பயணக் கப்பல்களில் பெரும்பாலானவை திரும்பும் வழியில் கனடாவின் விக்டோரியாவில் நிற்கின்றன. பெரும்பாலும் மாலையில் வந்து நள்ளிரவுக்குள் கிளம்பிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்கும் கனடாவின் வருகையாளர் விசா வேண்டும். "நான் இறங்க மாட்டேன், அறையிலேயே இருப்பேன்" என்ற பதில் எடுபடாது. சியாட்டிலிலேயே ஆவணங்களைச் சரிபார்த்து, விசா இல்லாதவரைக் கப்பல் நிறுவனம் ஏற்றாது. கட்டிய பணத்தையும் திரும்ப எதிர்பார்க்க முடியாது.

வான்கூவர் பயணம் என்றால் சொல்லவே வேண்டாம், கனடா விசாவும் அமெரிக்க விசாவும் இரண்டுமே வேண்டும். பல முறை நுழையக்கூடிய விசாவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வான்கூவரில் அமெரிக்கக் குடியேற்றச் சோதனை கனடா பிளேஸிலேயே, கப்பலில் ஏறும் முன்பே முடிந்துவிடும்.

ஆக, விசா விஷயத்தில் சியாட்டிலுக்கும் வான்கூவருக்கும் வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. கனடா விசாவைத் தவிர்க்கலாம் என்ற எண்ணத்தில் சியாட்டிலைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

விக்டோரியாவில் ஏன்தான் நிறுத்துகிறார்கள்?

அமெரிக்காவில் 1886இல் இயற்றிய பயணிகள் கப்பல் சேவைச் சட்டம்தான் காரணம். வெளிநாட்டில் பதிவான கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்கிறது அது. பெரிய பயணக் கப்பல்களில் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸ், பனாமா, நெதர்லாந்து போன்ற நாடுகளின் கொடியில் ஓடுபவை. சியாட்டிலில் கிளம்பி சியாட்டிலுக்கே திரும்பினால் நடுவே ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். சியாட்டிலில் ஏறி சீவர்டில் இறங்கும் பயணத்தை இந்தக் கப்பல்கள் விற்காததற்கும் இதுதான் காரணம். அப்படி ஓர் ஊரில் ஏறி வேறோர் ஊரில் இறங்கினால், பக்கத்தில் உள்ள கனடாவைத் தொட்டால் போதாது, தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட வேண்டும் என்கிறது சட்டம். கொரோனா காலத்தில் கனடா தன் துறைமுகங்களை மூடியபோது, 2021இல் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிகமாகத் தனிச் சட்டமே போட்டு அலாஸ்காக் கப்பல்களுக்கு விலக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

எச்-1பி என்ற வேலை விசாவில் அமெரிக்காவில் இருக்கிறேன். பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகிவிட்டது. போகலாமா?

ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததையும் எதுவரை தங்கலாம் என்பதையும் காட்டும் பதிவு) செல்லுபடியாக இருந்து, கனடா பயணம் 30 நாளுக்கு உட்பட்டதாக இருந்தால், தானியங்கி விசா புதுப்பிப்பு என்ற விதியின்படி பொதுவாக அமெரிக்காவுக்குத் திரும்ப முடியும். அந்தப் பயணத்தின்போது புதிய அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால் இந்தச் சலுகை கிடையாது. விதியின் அச்சுப் பிரதியைக் கையில் வைத்திருங்கள். கப்பல் ஏற்றும் முகப்பில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்காது. கனடா விசா உங்களுக்கு எப்படியும் வேண்டும். வேலையும் குடும்பமும் இதில் மாட்டியிருப்பதால், சந்தேகம் இருந்தால் நிறுவனத்தின் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்ட பிறகே பணம் கட்டுங்கள்.

கிரீன் கார்டு இருந்தால்?

செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் போதும், கனடா விசா வேண்டாம். கனடாக் குடியுரிமை பெற்றவர்களுக்கு அமெரிக்க விசா வேண்டாம். டொராண்டோவிலிருந்து வருகிறவர்களுக்கு உள்நாட்டு விமானத்தில் வான்கூவர் வந்து ஏறுவதுதான் எளிது.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அவர்களை அழைத்துப் போக எது வசதி?

முதலில் அவர்களுக்குக் கனடா விசா எடுங்கள். ஊரில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிட்டால் நல்லது. இங்கே வந்த பிறகும் இணையத்தில் விண்ணப்பித்து, கைரேகையை அமெரிக்காவிலேயே கொடுக்கலாம். விசா ஒட்டுவதற்கு பாஸ்போர்ட்டை அனுப்பிவைக்க வேண்டியிருப்பதால், சில வாரம் அது கையில் இருக்காது.

துறைமுகத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவுக்குள் வேறு நகரத்தில் வசிப்பவர்களுக்கு சியாட்டில் அலைச்சல் குறைவு. உள்நாட்டு விமானம், ஒரே நாடு, போன இடத்துக்கே திரும்புதல். ஆனால் வயதானவர்களுக்கு வெளிக்கடலின் ஆட்டம் ஒத்துக்கொள்ளுமா என்று யோசியுங்கள். நீண்ட நேரம் நடக்க முடியாதவர்கள் ஊர்களில் இறங்காமல் தளத்திலேயே உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள் என்றால், கண்ணுக்கு விருந்து வைப்பது வான்கூவர் வழிதான். சீவர்ட், விட்டியர் ஒருவழிப் பயணம் இறங்கிய பிறகு பேருந்து, ரயில், விமானம் என்று நீள்கிறது. மூட்டுவலி உள்ளவர்களுக்கு அது சிரமம். வருகையாளர்களுக்கான அமெரிக்க மருத்துவக் காப்பீடு கப்பலிலும் கனடாவிலும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடல் குமட்டல் எனக்கு அதிகம்.

வான்கூவர் சுற்றுப்பயணம். அதிலும் வான்கூவர் தீவின் வட முனையைத் தாண்டியதும் குயின் சார்லட் சவுண்டில் சில மணி நேரம் திறந்த கடல் உண்டு. மற்ற நேரங்களில் பெரும்பாலும் தீவுகள் அலையைத் தடுத்துவிடும். சியாட்டில் வழியில் போகும்போது ஒரு நாள், வரும்போது ஏறக்குறைய ஒரு நாள் பசிபிக் அலையில் இருப்பீர்கள். ஒருவழிப் பயணத்தில் அலாஸ்கா வளைகுடாவைக் கடக்க வேண்டும். மே, செப்டம்பரில் அங்கே காற்று வலுக்கும். எந்த வழியானாலும் கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள்.

ஒருவழிப் பயணம் எடுத்தால் வடக்கே போவதா, தெற்கே வருவதா?

டெனாலி போன்ற உள்நிலப் பகுதிகளையும் பார்க்கிறவர்களுக்கு, தெற்கே வரும் பயணத்தைத்தான் நான் பரிந்துரைப்பேன். நிலப்பயணம் அலைச்சல் மிகுந்தது. பெட்டியை மாற்றி மாற்றி, விடியற்காலையில் எழுந்து ஓடிய பிறகு கப்பலில் ஏறினால் உடம்பு தேறும். கப்பலை மட்டும் எடுக்கிறவர்களுக்கு வடக்கே போவது நல்லது: சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடியும். கெட்சிகன் மழைக்காடு முதலில், ஹப்பர்டோ கிளேசியர் பேயோ கடைசியில்.

டெனாலி மலை 6,190 மீட்டர், வட அமெரிக்காவின் உச்சி. பெரும்பாலான நாள் மேகத்துக்குள்தான் இருக்கும். வருபவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்குத்தான் அதைப் பார்க்கிறார்கள் என்பது அங்கே வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஒரு பகல் மட்டும் ஒதுக்கினால் ஏமாற்றம் வரலாம், இரண்டு இரவாவது தங்குங்கள். 2021 ஆகஸ்டில் ஏற்பட்ட நிலச்சரிவால் பூங்காச் சாலை 43ஆம் மைலுக்கு அப்பால் மூடப்பட்டது. போகும் ஆண்டில் பேருந்து எதுவரை ஓடுகிறது என்று தேசியப் பூங்கா இணையதளத்தில் பாருங்கள்.

சீவர்ட், விட்டியர் இரண்டில் எது?

பெரும்பாலும் நிறுவனமே தீர்மானிக்கும். இரண்டுக்கும் விமான நிலையம் ஆங்கரேஜ்தான். விட்டியர் அங்கிருந்து சுமார் 95 கிலோமீட்டர். ரயிலும் காரும் முறைபோட்டுப் போகும் நான்கு கிலோமீட்டர் நீள ஒற்றைவழிச் சுரங்கத்தைக் கடக்க வேண்டும். சீவர்ட் சுமார் 200 கிலோமீட்டர், சாலையில் இரண்டரை மணி நேரம், ரயிலில் நான்கு மணி நேரத்துக்கும் மேல். அந்த ரயில் பயணமே கண்கொள்ளாக் காட்சி. ஊராகப் பார்த்தால் சீவர்டில் ஒரு நாள் தங்கலாம், கினாய் ஃபியோர்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குச் சிறு படகில் போகலாம். விட்டியரில் அப்படித் தங்க வேண்டிய அவசியம் இல்லை. காலையில் கப்பலிலிருந்து இறங்கினாலும் ஆங்கரேஜிலிருந்து பிற்பகலுக்கு முன் விமானம் போடாதீர்கள்.

பால்கனி அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா? எந்தப் பக்கம்?

வான்கூவர் வழிக்கும் ஒருவழிப் பயணத்துக்கும் கொடுக்கலாம். சியாட்டில் வழியில் கடல் நாட்களில் பால்கனியிலிருந்து தண்ணீர் மட்டும் தெரியும் என்பதால், அந்தப் பணத்தை ஜூனோவில் திமிங்கலம் பார்க்கும் படகுக்கோ ஸ்காக்வே ரயிலுக்கோ வைத்துக்கொள்வது மேல். பக்கம் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம். பனியாற்றின் முன்னால் கப்பல் நின்று மெதுவாகத் திரும்பி இரண்டு பக்கத்துக்கும் காட்டும். ஒருவழிப் பயணத்தில் மட்டும், வடக்கே போகும்போது வலப்பக்கமும் தெற்கே வரும்போது இடப்பக்கமும் கரையை நோக்கியிருக்கும்.

ஸ்காக்வே ரயில் என்றதும் ஒன்று: க்ளோண்டைக் தங்க வேட்டைக் காலத்தில், 1898 முதல் 1900 வரை கட்டிய ஒயிட் பாஸ் குறுகிய பாதை ரயில் அது. கணவாய் உச்சி வரை போய்த் திரும்பும் பயணம் வேறு; எல்லை தாண்டிக் கனடாவுக்குள் போகும் ஃபிரேசர், பென்னட் பயணங்கள் வேறு. பின்னதற்கு பாஸ்போர்ட்டும் கனடா விசாவும் கையில் இருக்க வேண்டும்.

சியாட்டில் கப்பல்கள் பெரிதாகவும் புதிதாகவும் இருக்கின்றனவே?

ஆமாம், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது ஒரு நியாயமான காரணம். லயன்ஸ் கேட் பாலத்தின் அடியில் சுமார் 61 மீட்டர் இடைவெளிதான். அதனால் மிக உயரமான கப்பல்கள் வான்கூவருக்குள் வர ஓதம் பார்க்க வேண்டும், அல்லது சியாட்டிலையே தேர்ந்தெடுக்க வேண்டும். வான்கூவரில் நடுத்தரக் கப்பல்கள் அதிகம். ஜூனோ 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்று வரம்பு வைத்திருக்கிறது. அப்படியும் ஐந்தும் ஒன்றாக நிற்கும் நாளில் சின்ன ஊர் திணறிவிடும். உங்கள் தேதியில் எத்தனை கப்பல் நிற்கிறது என்பதைத் துறைமுக அட்டவணையில் பார்க்க முடியும்.

எந்த மாதம்?

பருவம் ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை. மே மாதத்தில் மழை குறைவு, மலைகளில் பனி மிச்சமிருக்கும், கட்டணமும் குறையும். ஜூனில் ஜூனோவில் பதினெட்டு மணி நேரம் பகல். செப்டம்பரில் மழை கூடும், இரவு இருட்டுவதால் அரோரா என்ற வடதுருவ வான ஒளியைப் பார்க்கும் வாய்ப்பும் கூடும். வெளிக்கடல் வழியைத் தேர்ந்தெடுத்தால் ஜூன், ஜூலையில் போங்கள்.

கட்டணத்தை எப்படி ஒப்பிடுவது?

கப்பல் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுவதில் பயனில்லை. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கூட்டுங்கள். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு வான்கூவர் வெளிநாட்டு விமானம்; சியாட்டிலுக்குப் பறந்து, அங்கிருந்து ரயிலிலோ பேருந்திலோ நாலைந்து மணி நேரத்தில் வான்கூவர் போவது பல சமயம் மலிவு. ஒருவழிப் பயணத்தில் போகும் ஊர் ஒன்று, திரும்பும் ஊர் வேறு என்பதால் விமானச் செலவு ஏறும். எல்லை கடக்கத் தாமதமாகலாம், விமானமும் தாமதமாகலாம். எந்தத் துறைமுகமானாலும் முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள். அந்த ஓர் இரவு விடுதி வாடகையைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வான்கூவரில் விமான நிலைய ரயில் அரை மணிக்குள் வாட்டர்ஃப்ரண்ட் நிலையத்தில் இறக்கிவிடும், அங்கிருந்து துறை நடக்கும் தூரம். சியாட்டிலில் இரண்டு துறைகள், 66ஆம் எண்ணும் 91ஆம் எண்ணும், தள்ளித் தள்ளி இருக்கின்றன. உங்களுடையது எது என்று பார்த்துவிட்டு விடுதி போடுங்கள்.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்தும் போகிறதே?

பத்து நாள் அளவுக்கு நீளும், கூடுதலாகக் கிடைப்பதில் பெரும்பகுதி வெளிக்கடல். விமானமே ஏறாமல் போக விரும்பும் அந்த வட்டாரத்துக்காரர்களுக்கு ஏற்றது.

கனடா விசா கிடைக்கவில்லை. அலாஸ்காவைக் கப்பலில் பார்க்க வழியே இல்லையா?

இருக்கிறது. அமெரிக்கக் கொடியில் ஓடும் கப்பல்களுக்கு 1886ஆம் ஆண்டுச் சட்டம் தடையில்லை. ஜூனோ, சிட்கா போன்ற ஊர்களுக்கு விமானத்தில் போய், அங்கிருந்தே நூறு பேருக்கும் குறைவான சிறு கப்பல்களில் சுற்றலாம். கட்டணம் மிக அதிகம்; ஆனால் பெரிய கப்பல் எட்டிப் பார்க்க முடியாத ஓடைகளுக்குள் நுழையும்.

குறைந்த செலவில் என்றால் அலாஸ்கா மாநில அரசு நடத்தும் அலாஸ்கா மரைன் ஹைவே படகுச் சேவை. சியாட்டிலுக்கு வடக்கே பெல்லிங்ஹாமில் கிளம்பி, கனடாவில் எங்கும் நிற்காமல், அதே இன்சைட் பேசேஜ் வழியாக ஏறக்குறைய ஒன்றரை நாளில் கெட்சிகன் போகிறது. அங்கிருந்து ஜூனோ, ஸ்காக்வே வரை தொடரலாம். நடன அரங்கமோ நீச்சல் குளமோ கிடையாது, பனியாற்றின் முன்னால் நிறுத்தவும் மாட்டார்கள். அறை வாங்காதவர்கள் தளத்தில் கூடாரத்தை ஒட்டுநாடாவால் பிடித்துக் கட்டித் தூங்குகிறார்கள். வாரத்துக்கு ஒரு முறை அளவில்தான் ஓடுகிறது. கப்பல் பழுதுபார்ப்புக்குப் போனால் அட்டவணை மாறும். கோடைக்கு அறை வேண்டுமென்றால் அட்டவணை வெளியானதுமே பதிவு செய்யுங்கள், பெல்லிங்ஹாமில் ஓர் இரவு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.